வலென்சியாவில் வந்து சேர்ந்த செய்தி

என் கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் ராயபுரம், என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்தை அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மாதா கோயிலில் வந்து நின்றார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அதன் பிறகு ஏழு வருடம் மாமனாரும் மருமகனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் என்னை அப்பா வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு எண்ணூர் பக்கம் போய்விடுவார்.

ஒரு முறை நானும் அவருடன் கப்பலில் போனேன். ஆபீசர்கள் மனைவியை அழைத்துப் போகலாம்; விசாவெல்லாம் முன்பே எடுத்துவிட்டுக் கொழும்பில் ஏறினோம். கிளம்பும்போது அப்பாவுக்கு லேசாக மூச்சிரைத்தது. "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் கப்பலின் இன்டர்நெட் கெட்டுப்போனது. கேப்டன் அறை மெயில் மட்டும் வேலை செய்தது; அந்த முகவரியை அக்காவிடம் முன்பே கொடுத்திருந்தோம். அது ஆபீசர்கள் சமாச்சாரம் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஸ்பெயினில் வலென்சியா துறைமுகத்தில் கப்பல் கரையணைந்த அன்று காலை, "கெளம்பு, ஊரப் பாத்துட்டு வர்லாம்" என்றார். முந்தின நாள் வரை அப்படியொரு பேச்சே இல்லை. எந்தத் துறைமுகம் வந்தாலும் தூங்கப் போகிறவர். ஊரில் ஏதோ பட்டாசுத் திருவிழாவாம், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாமாம். நான் புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு குதித்துக் கிளம்பினேன். அந்தக் குதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஊர் முழுக்கப் புகை. தெருமுனைக்குத் தெருமுனை இரண்டு மாடி உயரத்துக்குக் காகிதப் பொம்மைகள், நீண்ட மூக்கும் பெருத்த வயிறுமாக. கடைசி நாளில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்களாம். குழந்தைகள் நடப்பவர்கள் காலடியில் வெடியைப் போட்டுச் சிரித்தன. ஒருவன் முழங்கையால் என்னை இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் எனக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

பெரிய சதுக்கத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெடி வைப்பார்கள் என்று ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. "இங்கியே நில்லு, துன்றதுக்கு எதுனா வாங்கியாறேன்" என்று போனார். நான் ஒரு காபிக் கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்காரர்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். செய்திகள் வந்து கொட்டின.

எல்லாம் அக்கா. முதல் குரல் பதிவில் அழுகைதான். "நைனா போய்ட்டாருடி." அடுத்ததில் கல்லாய்க் கெட்டிப்பட்ட குரல். "மண்ணு போட்டாச்சு. ஒரு போன் பண்ண உனுக்கு மனசு வர்ல இல்ல. உன் வூட்டுக்காரு மெயில் போட்டுக்கீறாரு, அவகிட்ட சொல்லிட்டேன், அவளால வர முடியாதுன்னு. நல்லா இரு. இனிமே இந்த வூட்டு வாசப்படி மெறிக்காத."

நிமிர்ந்தபோது இவர் பூசணி கலந்த மாவில் பொரித்த உருண்டைகளைக் காகிதக் குவளையில் ஏந்திக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வெடி ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது, நெஞ்செலும்பு அதிர்ந்தது. நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் என் கையிலிருந்த போனை அவர் பார்த்தார். அவர் முகம் மாறியதையும் நான் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றோம். முடிந்ததும் ஊரே கைதட்டியது.

"எப்ப தெரியும் உனுக்கு?"

"செவ்வாக்கெழம."

அன்றைக்குச் சனிக்கிழமை.

"நாலு நாளு என் பக்கத்துல படுத்துக்கினு இருந்த."

"நடுக்கடல்ல சொல்லி இன்னா பண்றது? கரைக்கு வந்து, துன்ட்டு அப்பறமா சொல்லலாம்னுதான் இட்டாந்தேன்."

"அக்காவுக்கு ஏன் எங்கிட்ட சொல்லிட்டேன்னு மெயில் போட்ட?"

"வுடாம அனுப்பிக்கினே இருந்தாங்க. எல்லாத்தையும் கேப்டன் படிக்கிறாரு. பேஜாராப் பூட்ச்சு."

என் அப்பன் செத்தது இவருக்குப் பேஜாராகப் போய்விட்டது. நான் திரும்பி நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. ஒரு தெருவில் பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் பூங்கொத்துகளோடு மாதா சிலையைப் பார்த்து வரிசையாகப் போனார்கள். சில பெண்கள் அழுதுகொண்டே நடந்தார்கள். நான் தடுப்புக் கம்பியைத் தாண்டப் போனேன். காவலுக்கு நின்றவன் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். இவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். அவர் விடவில்லை. மறுபடி உதறி, அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினேன்.

ஒரு பெண் போலீஸ் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள், இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரைச் சுவரோரம் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த துறைமுக அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பாவமாகவும் இல்லை.

வழி கேட்டுக் கேட்டுத் தனியாகக் கப்பலுக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். அவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். நான் அவரிடம் பேசாமல் கேப்டனிடம் போய் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். ஏஜென்ட் ஏற்பாட்டில் மூன்றாம் நாள் விமானம் கிடைத்தது. கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ராயபுரத்தில் அக்கா கதவைத் திறந்தாள், வழிவிடவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தாளு மறச்சான், சரி. இத்தினி நாளா நைனா எப்டிக்கீறாருன்னு மெயில்ல ஒரு வார்த்த கேக்க உனுக்குத் தோணல இல்ல" என்றாள். கல்லறைக்கு நான் தனியாகத்தான் போனேன்.

நான்கு மாதம் கழித்து இவர் வந்தார். போலீஸ் விஷயத்தை அவர் எடுக்கவில்லை, மெயில் விஷயத்தை நான் விடவில்லை. "எங்கப்பா மேல இருந்த காண்டுலதான் பண்ண" என்றேன். "இல்ல" என்றார். அப்புறம், "தெர்ல" என்றார். அவர் சொன்னதில் நான் நம்புவது அந்த ஒன்றைத்தான். திருவொற்றியூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். போன மாதம் அடுத்த கப்பலுக்குக் கிளம்பும்போது, "கூட வர்றியா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.