எந்த ளானா, டீச்சர்?

திண்டுக்கல்லில் முப்பது வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். எங்கள் ஊரில் ழகரம் எழுத்தில் மட்டும்தான் உண்டு, வாயில் கிடையாது. சொல்வதெழுதுதல் நடக்கும்போது நான் 'பளம்' என்பேன். உடனே நாலு பக்கமிருந்தும், "எந்த ளானா, டீச்சர்?" என்று கேட்பார்கள். "மளைக்கு வருமே, அந்த ளானா" என்பேன். நாற்பது பிள்ளைகளும் தப்பில்லாமல் 'பழம்' என்று எழுதிவிடுவார்கள். இதில் என்ன குறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டு அமைதி தாங்க முடியவில்லை. பிள்ளைகள் ராகம் போட்டு வாசிக்கும் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், யார் ஒரு வரியை முழுங்கினார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்கு இப்போது வேலையே இல்லை.

என் கடைசி வருடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. செல்போனில் ஒரு செயலி. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு அதுவே மதிப்பெண் போட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். கணக்குப் பாடத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். கழித்தலை ஒன்பது தடவை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லும். நான் மூன்றாவது தடவையே கத்திவிடுவேன்.

வாசிப்பில்தான் வம்பு வந்தது. வகுப்பிலேயே நன்றாக வாசிக்கும் பெண் ஒருத்தி. அவள் அம்மாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் கடைப் பலகைகளைக் காட்டியே மகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவர். மகள் செல்போன் முன்னால் நின்று, "கிளவி வாளைப்பளம் வாங்கினாள்" என்று கணீரென்று வாசித்தாள். திரை சிவந்தது. மறுபடி முயற்சி செய்யச் சொன்னது. மூன்று தடவை வாசித்தாள், மூன்று தடவையும் சிவப்பு. அவளை வாசிக்கவே தெரியாத பிள்ளைகளுக்கான கடைசிப் பிரிவில் போட்டு அனுப்பிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று காலைப் பார்ப்பாள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு என்னவென்று கேட்டேன்.

"எங்கம்மாதேன் டீச்சர் படிக்கச் சொல்லிக் குடுத்துச்சு. அது சொன்னது அம்புட்டும் தப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. செல்போனை எடுத்து, அதே பாடத்தை, வகுப்பில் வாசிக்கிற அதே குரலில் நானே வாசித்தேன். சிவப்பு. இன்னொரு தடவை வாசித்தேன். சிவப்பு. முப்பது வருடம் பாடம் எடுத்தவளுக்கும் கடைசிப் பிரிவுதான். திரையை அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தலைமையாசிரியரிடம் போய் அவள் மதிப்பெண்ணை மாற்றச் சொன்னேன். போனது போனதுதான், நம் கையில் இல்லை என்றார். அந்த வருடம் முழுக்க அவள் கடைசிப் பிரிவாகவே இருந்தாள். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் நான் செல்போனில் வாசித்துத் தோற்றதற்கு மறுநாள் காலை யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது முதலில் எழுந்தது அவள்தான். ஒரு ழகரம் விடாமல் அத்தனையையும் ளகரமாக்கி, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும்படி வாசித்தாள். முடித்ததும் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் அம்மா சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நாற்பது பேர் முன்னாலும் சொல்லி, அவளை உட்காரச் சொன்னேன்.