ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை

இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம், "நான் சொல்லிக்கொடுத்தாச்சு, அவங்கதான் படிக்கலை" என்று எப்போதும் தப்பித்துக்கொள்ளலாம். என்னைப் போலத் தொண்டை வறண்ட சக டீச்சர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடை மாடியில் எனக்குச் சாயங்கால வகுப்பு. செல்போனில் இன்கமிங் இலவசமான புதுசில் கலைச்செல்வி வந்து சேர்ந்தாள். சேதராப்பட்டு கம்பெனியில் எட்டு வருஷமாக நின்றுகொண்டே பேக்கிங் வேலை, தினமும் கால் வீக்கம். சூப்பர்வைசர் ஆனால் உட்காரலாம். ஆனால் புது மேனேஜர் வடக்கத்திக்காரர், இண்டர்வியூ இங்கிலீஷில்தான்.

வாய்ப்பாடு

தினம் பத்து வார்த்தை எழுதிப் போட்டேன். மறுநாள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எனக்கு ஒரே பெருமை. ஏழாவதை மட்டும் தனியாகக் கேட்டேன், திருதிருவென்று விழித்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து முணுமுணுத்து ஏழுக்கு வந்து சேர்ந்தாள். மேனேஜர் அதுவரை காத்திருப்பாரா என்று கத்தினேன்.

"நடுவுல இருந்து கேட்டா எப்படி மிஸ்? மேல இருந்து கேளுங்க, தானா வரும்."

சீட்டு

சரி, வீட்டுச் சாமான்களில் இங்கிலீஷ் பேரை எழுதி ஒட்டு என்றேன். பீரோ, கட்டில், கிரைண்டர் எதையும் அவள் விடவில்லை. மூன்றாம் நாள் அவள் கணவர் படியேறி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ், சாமானெல்லாம் விக்கப் போறோம்னு நெனச்சு எதிர்வீட்டு அக்கா கிரைண்டருக்கு வெல கேக்கறாங்க."

பூஜையில் நோட்டு

நல்ல நாள் என்று யாரோ சொல்லி, மேனேஜர் விஜயதசமி காலையில் இண்டர்வியூ வைத்துவிட்டார். முந்தின நாள் போன் செய்து, நோட்டு முழுக்க ஒரு தடவை புரட்டிவிடு என்றேன். நோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டதாம். ஐயோ, இன்றைக்குப் போயா! எடுத்துப் படிடி, சூப்பர்வைசர் வேலை கைநழுவிப் போய்விடும் என்று கெஞ்சினேன்.

"சாமிகிட்ட வெச்சத எடுக்கலாமா மிஸ்? காலைல எடுத்து ரெண்டு வரி படிச்சுட்டுப் போறேன்."

இண்டர்வியூ

உன்னைப் பற்றிச் சொல் என்று மேனேஜர் கேட்டதும் இவளுக்கு வாயே திறக்கவில்லை. அவர் சலித்துப்போய் பேக்கிங் லைனுக்குக் கூட்டிப்போய், இங்கே என்ன நடக்கிறது, அதையாவது சொல் என்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து டேப் சிக்கி நின்றிருக்கிறது. "டேப் ஸ்டக் சார். லைன் ஸ்டாப். மெக்கானிக் கமிங். லாரி வெயிட்டிங், டிரைவர் ஆங்ரி!" மேனேஜர் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் அவள் எட்டு வருஷமாகப் புழங்குகிற வார்த்தைகள். அங்கே என்னம்மா பேசுவீங்க என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? லட்டு டப்பாவோடு அவள் வந்து நின்றபோது சந்தோஷமும் வெட்கமுமாக இருந்தது.

"உங்க நோட்டுல இருந்து ஒரு வார்த்தகூட வரல மிஸ், ஆனா பூஜைல வெச்சேன் பாருங்க, அதான் கைகொடுத்துச்சு."

மாணவர்கள் தலையில் வார்த்தைகளைக் கொட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிற புத்தி, அவர்கள் பாஸாகி லட்டு கொடுத்த பிறகுதான் நமக்கு வருகிறது.