பதினொரு புதன்கிழமைகள்

அமிர்தவல்லி இறந்த பதிமூன்றாம் நாள், அவளுடைய தங்கை ராஜகுமாரி பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். வைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை காரியத்துக்குக் கடலுக்குப் போறப்ப இதையும் கரைச்சிருடா. செய்வினைத் தகடு மாதிரி இருக்கு."

"தகடு இல்ல சித்தி. அட்டை."

"அட்டையில எழுதுனா செய்வினை இல்லையா? அரே, நல்லா படிச்ச புள்ளடா நீ!"

அமிர்தவல்லியின் மகன் சிவபிரகாஷ் டின்னின் மூடியில் கைவைத்தான். கப்பல் பழுதுபார்க்கும் பணிமனையில் அவன் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன். வாயைவிட மீட்டரை நம்புகிறவன். டின்னைத் திறந்து எண்ணினான். பதினொரு அட்டைகள் மிச்சம். ஒவ்வொன்றிலும் பேனாவால் போட்ட ஒரு பின்னல் கோடு. எதற்கு என்ன பொருள் என்று உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது. போட்டவளுக்கும் தெரியாமல் இருந்தது. அவள் அதை அப்படித்தான் அமைத்திருந்தாள்.

அமிர்தவல்லி கைக்குழந்தையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டாள். அவள் கத்தி பட்டையைச் சீவும், மரத்தைக் காயப்படுத்தாது என்று மேஸ்திரியே சொல்லுவார். சுனாமி வந்த காலை ஆவுடையப்பன் கப்பல்துறை ஜெட்டியில் நின்றிருந்தான். உடல் கிடைக்கவில்லை. அவளையும் மகனையும் போர்ட் பிளேருக்கு ஏற்றிவந்த கப்பல்தான் அவள் ஏறிய கடைசிக் கப்பல். பிறகு கராச்சர்மாவில் வீடு, தையல் மெஷின், பள்ளிச் சீருடை.

புருஷன் கடைசியாக நின்ற இடத்தில் ஒருமுறை போய் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இரண்டு முறை தீவுக்குள் போக அனுமதிப் பாஸும் டிக்கெட்டும் எடுத்து ஜெட்டி வரை போனாள். இரண்டு முறையும் கப்பல் ஏணியின் அடியில் கால் மறுத்துவிட்டது. மகன் ஆட்டோ பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தான்.

கடலடி கேபிள் வந்து போனில் வீடியோ நிற்காமல் ஓட ஆரம்பித்த சமயத்தில், டெல்லிப் பையன் ஒருவன் இந்தியில் சிஜில் மந்திரம் பற்றிப் பேசுவதைப் பார்த்தாள். வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுது. திரும்ப வரும் எழுத்துகளை அடி. மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படிக்க முடியாத ஒரே உருவமாக்கு. மனம் வெறுமையாகும் வரை அதையே பார். பிறகு எரித்து மறந்துவிடு. அறிவுக்குத் தெரியாமல் அடிமனதுக்குப் போட்ட கட்டளை அது. மீதியை அடிமனது பார்த்துக்கொள்ளும்.

பையன் கறுப்புச் சட்டை, மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை எல்லாம் வைத்திருந்தான். அமிர்தவல்லி அத்தனையையும் கழித்தாள்.

"சோறு வடிக்க எதுக்குடா மேக்கப்பு?"

அவள் நாள் குறித்தாள். செவ்வாயும் வெள்ளியும் சாமிக்கு, புதன் எனக்கு. காலை ஐந்து மணி. தீவில் அதற்குள் வெளிச்சம் வந்துவிடும். மூச்சை அடக்கி, எண்ணிக்கொண்டே கோட்டைப் பார்ப்பாள். அதற்கு ஏற்றுவது என்று பேர் வைத்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் விதிகள் எழுதினாள். அடுத்தவர் மேல் போடாதே. உன் கைகால் எட்டாததைக் கேட்காதே. கேட்டதற்கு உன் பங்கு வேலையையும் செய். ஏற்றாததை எரிக்காதே. எரித்ததைப் பேசாதே.

முதலில் போட்டது கப்பலுக்குத்தான். ஏற்றினாள், எரித்தாள். மறக்க மட்டும் முடியவில்லை. தினமும் ராஜகுமாரி போனில் கேட்டாள்: "என்னக்கா, இந்த வாட்டியாவது ஏறுவியா?" மூன்றாவது முறையும் ஏணியடியில் கால் நின்றது.

அன்று ஆட்டோவில் வரும்போது சிவபிரகாஷுக்கு எரிச்சல். "எதை எரிச்சேன்னு உனக்கே தெரியாம எரிச்சாத்தாம்மா இது நடக்கும்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான்.

அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். வருடக் கடைசியில் பத்து நாள் மெஷினை மூடிவைத்துவிட்டு ஐம்பத்திரண்டு வாக்கியங்கள் எழுதினாள். சின்னது, பெரியது, கப்பல், எல்லாம் கலந்து. ஐம்பத்திரண்டு அட்டைகளில் கோடு போட்டு, வாக்கியங்களை எரித்தாள். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து டின்னில் போட்டாள். நோட்டில் ஐம்பத்திரண்டு வரிசை: தேதி, மூச்சு எண்ணிக்கை, மனம் நின்றதா இல்லையா. புதனுக்கு ஒன்று. எது எதுவென்று தெரியாது. பணிமனையில் ஒருவன் இவ்வளவு சுத்தமாகச் சோதனை அமைத்திருந்தால் சிவபிரகாஷ் அவன் கையைக் குலுக்கியிருப்பான். அம்மாவிடம், "பாகல் ஆயிட்டியா, பைத்தியமா?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச்சில் பத்தாவது அட்டை எரிந்தது. மனம் நின்றது என்று எழுதியிருக்கிறாள். மறுநாள் அவளாகவே போய் டிக்கெட் எடுத்தாள். சிவபிரகாஷ் ஜெட்டிக்கு வந்த ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி வைத்தான். அவள் ஏணியில் ஏறினாள். பாதியில் நிற்கவும் இல்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"டேய், கேஸ் மூடுனேனா?"

"மூடிட்டம்மா!"

"அப்பப் போ. ஆட்டோவ ஏண்டா நிப்பாட்டி வச்சிருக்க?"

ஒரு வாரம் கழித்துத் திரும்பினாள். அந்த இடத்தில் நின்றாளா என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "இப்ப அங்க தண்ணி. முழங்கால் அளவு எறங்கி நின்னேன். பழைய மரத்தையும் போய்ப் பார்த்தேன். நான் வெட்டுன கோடெல்லாம் பட்டை மூடிருச்சுடா. எங்க வெட்டுனேன்னே தெரியல." அதைச் சொல்லும்போது சிரித்தாள். பத்தாவது அட்டைதானா அது என்று அவள் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. அடுத்த புதன் பதினோராவதை எடுத்தாள்.

அக்டோபரில் ஒரு புதன் நாற்பத்தொன்றாவதை எரித்தாள். மறுநாள் காலை மெஷின் மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியில் முடிந்தது.

"என்னடா டின்னையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?" என்றாள் ராஜகுமாரி. "கரைக்கிறியா, நான் கரைக்கட்டா?"

"ஏத்தாததை எரிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கரைக்கிறதும் அதுதான்."

"அப்ப வச்சுப் பூஜை பண்ணப் போறியா?"

"ஏத்தப் போறேன்."

ராஜகுமாரி உட்கார்ந்துவிட்டாள். "செத்தவ ஆசைடா அது. நீ கொளுத்துனா யாருக்குடா நடக்கும்?"

"தெரியல சித்தி."

"தெரியாமச் செய்வியா?"

"அதுதான் முறை."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அக்காவின் பிடிவாதம் அந்த முகத்தில் இருந்திருக்க வேண்டும். டின்னை அவன் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் புதன். ஐந்து மணிக்குச் சிவபிரகாஷ் நோட்டைத் திறந்தான். நாற்பத்திரண்டாவது வரிசையின் தேதி போன வாரமே கடந்திருந்தது. அதில், 'எடுக்கவில்லை' என்று எழுதினான். விட்ட ரீடிங்கைப் பிறகு நிரப்பும் பழக்கம் அவனுக்கு இல்லை. டின்னில் கைவிட்டு ஒன்றை எடுத்து, மூச்சை அடக்கினான். கோடு இடமிருந்து சரிந்து இறங்கி ஒரு வளைவில் முடிந்தது. அம்மாவின் கை. முப்பத்தொன்றில் மூச்சு உடைந்தது. மனம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டியில் அவள் நெஞ்சு விம்மித் தாழ்ந்ததுதான் கண்ணில் இருந்தது.

எவர்சில்வர் தட்டில் வைத்து எரித்தான். நாற்பத்து மூன்றாவது வரிசையில் தேதிக்கு அருகே முப்பத்தொன்று, அடுத்து 'இல்லை' என்று எழுதினான். பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்தான். அம்மாவின் முதல் இரண்டு மாதம் முழுக்க, 'இல்லை, இல்லை, இல்லை' என்றுதான் இருந்தது. எண்ணிக்கை பதினெட்டில் தொடங்கியிருந்தது.

சாம்பல் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டே ராஜகுமாரி கேட்டாள்: "எத்தனை மிச்சம்?"

"பத்து."

"ஜனவரி வரைக்கும் நடக்கும்" என்றாள் அவள், கணக்குப் போட்டுவிட்டு. "வெள்ளிக்கிழமை கடலுக்கு எள்ளு மட்டும் எடுத்துக்குவோம்."