பேறுகால லேகியமும் பேரனின் ரத்தமும்

என் பேரனைப் பார்க்க வேண்டுமென்றால் பாறசாலை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ வரிசையில் தேடினால் போதும். சட்டையின் மேல் பொத்தானைப் போடமாட்டான். நெஞ்சின் நடுவே ஓடும் தழும்பை யாராவது கேட்க வேண்டும், அவன் கதை சொல்ல வேண்டும், அதற்குத்தான். அவன் சொன்னால் சுருக்கிவிடுவான். நானே சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு விடாத இருமல். படுத்தால் மூச்சு முட்டியது, கழுத்து வீங்கிக் காலர் இறுகியது. பலாச்சக்கை தின்ற வாயு என்றேன். எங்கள் வீட்டு வரிக்கைச் சக்கை தேன். அதைக் குற்றம் சொல்ல எனக்கே மனசில்லை. ஸ்கேனில் பார்த்தால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி.

திருவனந்தபுரத்து டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, கர்ப்பிணிகளுக்க ரத்தத்தில காணுற ஒரு சாதனம், ஒரு பொருளு, இவனுக்க ரத்தத்தில கூடிக் கிடக்குது.”

“ஆம்பிளைப் பிள்ளைக்கா?” என்றேன்.

கரு உருவாகும் காலத்தில் வழிதவறி நெஞ்சில் தங்கிய அணுக்கள் சிலருக்கு இப்படிக் கட்டியாகுமாம். அபூர்வமாம். அது இரண்டு பொருள்களை ரத்தத்தில் விடும்: ஒன்று வயிற்றுப்பிள்ளையின் ஈரல் உண்டாக்குவது, மற்றொன்று நஞ்சுக்கொடி உண்டாக்குவது. இரண்டும் ஏறியிருந்ததால்தான் கட்டி இன்னதென்று சட்டென்று தெரிந்ததாம். “மருந்து ஏற ஏற ரெண்டும் எறங்கணும். எறங்கினா ஆபரேஷன் செய்யலாம்” என்றார்.

திரும்பும் ரயிலில் பேரன் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டான். “அம்மும்மா, எனக்கு இது எத்தனாவது மாசமாக்கும்?”

“எலே, வாயில அடிப்பேன்” என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மருந்து ஏறியது, முடி கொட்டியது, ரத்தத்தில் இரண்டும் இறங்கின. நஞ்சுக்கொடிப் பொருள் சரியாகிவிட்டது. ஆனால் ஈரல் பொருள் பாதி வழியில் நின்று, கொஞ்சம் ஏறவும் செய்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

“வேற எதாவது மருந்து குடிக்கியானா?” என்று டாக்டரம்மா கேட்டார். பேரன் தலை குனிந்துகொண்டே உண்மையைச் சொன்னான். காட்டாக்கடையிலிருந்து வந்த என் இளைய மகள், அவன் அப்பனுக்குத் தங்கை, அவனுக்கு மாமி, பேறுகால லேகியம் கிண்டித் தந்திருக்கிறாள்! சுக்கு, கருப்பட்டி, பெயர் சொல்லாத பச்சிலைகள்.

“கர்ப்பிணிக்க சாதனம் ரத்தத்தில உண்டுன்னா பேறுகால மருந்து கேக்காதா?” என்று அவள் என்னிடமே வழக்காடினாள்.

“பச்சிலை ஒத்துக்காம ஈரல் வாடினாலும் அந்தப் பொருள் ஏறும். லேகியத்தை நிறுத்திட்டுப் பாப்போம்” என்றார் டாக்டரம்மா.

நிறுத்தினோம். அடுத்த ரத்தச் சோதனையில் அதுவும் இறங்கியது. நெஞ்சைத் திறந்து மிச்சக் கட்டியை எடுத்தார்கள். அதில் உயிருள்ள நோய் இல்லை என்று சோதனையில் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவன் மாமியைப் பார்த்து, “பேறு முடிஞ்சாச்சு மாமி, இனி லேகியம் கொண்டா” என்றான். நர்சு வரை எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போதும் அவ்வப்போது சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறான். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் முடிவு நல்லதாக இருந்தால் தெருமுக்குத் திரும்பும்போதே ஆட்டோ ஹாரனை நீளமாக அடிப்பான். அடுத்த வீட்டுக்காரிகள் வைவார்கள். வையட்டும். நேற்றும் அடித்தான்.