தகவல் தந்தவர் மனைவி

தெருவில் அவரைக் 'குடைச்சல்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் பிளம்பர். அடைப்பை எடுத்தோமா, கூலி வாங்கினோமா என்று போகிற ஆள் இல்லை. குழாயில் சிக்கியது சீப்பா, பொம்மைக் காரா, யாருடையது, எப்படி உள்ளே போனது என்று வீட்டுக்காரர்களைக் குடைந்து எடுத்துவிடுவார். அதற்குப் பயந்தே சிலர் தண்ணீர் தேங்கினாலும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் போனில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். மருந்துச்சீட்டு, ரத்தப் பரிசோதனை, டாக்டரைப் பார்க்கும் நாள் எல்லாம் அதிலேயே இருக்குமாம். சந்தேகம் வந்தால் டாக்டருக்கே எழுதிக் கேட்கலாமாம். கேட்கலாம் என்று இவரிடமா சொல்வது? கிரியாட்டினின் என்றால் என்ன, போன வருஷத்தைவிட ஏன் கூடியிருக்கிறது என்று எழுதித் தள்ளினார். புண்ணியவதி, டாக்டரம்மாவும் பொறுமையாகப் பதில் போட்டார். இரண்டு மாத்திரைகள் ஒன்றுக்கொன்று ஆகாது என்பதுகூட இப்படிக் குடைந்ததில்தான் தெரியவந்தது.

பிறகு இவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் ஆப்பில் இருக்கிற அவர் பதிவிலேயே ஏறிவிடும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. அவர் வேலைக்கு நடுவே கையைக் கழுவிக் கழுவிப் போனைத் திறந்தார். மனைவி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"வரும்போது வரட்டும். தோண்டித் தோண்டி வரவழைக்காதீங்க."

ஒருநாள் காலை திறந்தால் பழையது ஒன்றையும் காணோம். மூன்றே வரி: பதிவு மூடப்பட்டது. காரணம்: நோயாளி மரணம். தகவல் தந்தவர்: மனைவி.

வேறு யாராவது என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவருக்கோ, இது எப்படி நடந்தது என்பதில்தான் அரிப்பு.

"இங்க பாரு, நான் செத்துட்டேன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"முதல்ல வாயக் கழுவுங்க!"

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துதா?"

வந்திருந்தது. முந்தின நாள் டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரத்தில், அடுக்குமாடி ஒன்றில் கழிவுநீர் பொங்கி இவர் ஓடிவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்ன? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"பெரிய அடைப்புங்க, காலையிலயே போயிட்டாருன்னேன்."

"அதுக்கு?"

"ஐயோ, திடீர்னான்னு கேட்டா அந்தப் பொண்ணு. ஆமா, சாப்பிடக்கூட இல்லன்னேன். பாவம், அவளுக்குப் பேச்சே வரல. என்ன நல்ல மனசுன்னு நெனச்சேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் வாயாலயா சொன்னேன்?" என்றாள். முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றது. பயம் அவளுக்கு மட்டும் இல்லையே.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் இவரைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள். "அடைப்புன்னதும் நெஞ்சுன்னு நெனச்சுட்டேன் சார், மன்னிச்சுடுங்க." இதுவரை எத்தனை பேரை இப்படி அனுப்பிவைத்தாய் என்று அவர் விசாரணையை ஆரம்பிக்க, மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பதிவைத் திரும்பத் திறந்து கொடுத்தார்கள்.

திறந்ததும் மேலே ஒரு சிவப்புப் புள்ளி. 'பரிசோதனை முடிவு' வந்து உட்கார்ந்திருந்தது. எந்தச் சாக்கடைக்குள்ளும் கூசாமல் கையை விடுகிறவருக்கு அதைத் தொட விரல் வரவில்லை.

"என்னால முடியல. நீ பாரு," என்றார்.

இத்தனை நாள் திரும்பியே பார்க்காதவள் போனை வாங்கிப் புள்ளியை அழுத்தினாள். எட்டிப் பார்த்தவர் கண்ணில் 'புற்றுநோய்' என்ற சொல்தான் முதலில் பட்டது. பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் வரியை ஆரம்பத்திலிருந்து படிக்கவில்லை. விரலை நேரே கடைசிச் சொல்லில் கொண்டுபோய் வைத்தாள்.

"காணப்படவில்லை," என்று சத்தமாக வாசித்தாள்.

"எது?"

"எதுவா இருந்தா என்னங்க? காணப்படலையாம்!" என்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அழுதாள்.