விடாத மீன்

ரொறொன்ரோவில் எனக்கு முதன்முதல் மரியாதை தேடித் தந்தது என் எழுத்து அல்ல, பக்கத்துக் கதவு அண்ணையின் மீன்கள். பிடித்த மீனையெல்லாம் அவர் திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார். அருகில் நின்ற பாவத்துக்கு அந்தப் புகழ் எனக்கும் கொஞ்சம் தெறித்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் குடும்பஸ்தர், நான் தனிக்கட்டை. சனிக்கிழமை காலைகளில் அவருடைய பழைய காரில் நகருக்கு வடக்கே மார்க்கம் பக்கம் போவோம். அரைகுறையாகக் கட்டி நின்ற வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை. கால்சட்டையை மடித்துவிட்டால் நாலு எட்டில் தாண்டிவிடலாம். மேலே பாலத்தில் வாகனங்கள் இரையும். கீழே நிழலில், குளிர்ந்த தண்ணீரில் ட்ரவுட் நிற்கும். உடம்பெல்லாம் புள்ளி விழுந்த, சந்தேகப் பிராணியான மீன். அதன் குணங்களையெல்லாம் நான் நூலகத்தில் படித்து அறிந்திருந்தேன். அதுவும் என்னைப் பற்றி எங்கோ படித்திருக்க வேண்டும். என் தூண்டிலுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அண்ணைக்கு வரும். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் தாழ்த்தி, அது தானாக நீந்திப் போகும்வரை காத்திருப்பார். நாயோடு உலாத்த வரும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருமுறை தொப்பியைக் கழற்றி, உங்களைப் போன்றவர்களால்தான் இந்த ஓடை பிழைத்திருக்கிறது என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லிவிடும்," என்றார் அண்ணை. "விளங்கப்படுத்தப் போனால் பொழுதுபட்டிடும்."

எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு மதியச் சாப்பாட்டில். நான் வைத்த விளைமீன் குழம்பைத் தள்ளிவிட்டுப் பருப்போடு சாப்பிட்டார். அவருடைய தம்பியை ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் ஐந்து வருடம். ஒரு தகவலும் இல்லை. தம்பி திரும்பும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்பதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி.

"அப்ப ஏன் அண்ணை மீன் பிடிக்கிறியள்?"

"தின்னமாட்டன் எண்டுதான் நேர்ந்தனான். பிடிக்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை நான் ஒண்டை விட்டால், அங்கை ஆரோ ஒருத்தன் ஒருத்தனை விடமாட்டானோ எண்டு ஒரு நினைப்பு."

படித்தவன் அல்லவா, இதற்கு மனதுக்குள் ஒரு தலைப்புப் போட்டு அடுக்கி வைத்துவிட்டுச் சொதியை ஊற்றிக்கொண்டேன்.

அந்த மீன்பிடிப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை அவருக்கு முழங்கை நீளத்தில் ஒன்று அகப்பட்டது. முள்ளைக் கழற்றியதோடு அவருக்குக் கை விறைத்துவிட்டது. "இதை விட்டிட்டு வாரும், நான் காரைச் சூடாக்கிறன்," என்று மேடேறினார். நான் குனிந்தேன். தண்ணீருக்குள் போகவேண்டியது என் பைக்குள் போனது. கௌரவமான காரணம் ஒன்றை இத்தனை வருடமாகத் தேடுகிறேன். நாக்கைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அன்று மதியமே குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தம்பியோடு அடைபட்டிருந்த ஒருவர் வெளியே வந்து எழுதியிருந்தார். கொண்டுபோன முதல் மாதமே எல்லாம் முடிந்துவிட்டதாம். அப்படியானால் என் குழம்புக்கும் அந்தச் சாவுக்கும் ஐந்து வருட இடைவெளி. நியாயம் முழுக்க என் பக்கம். ஆனாலும் முகம் கழுவக் குழாயைத் திறந்தால் என் கைக்குள் ஏதோ துடித்தது. குழாயை மூடிய பிறகும் துடித்தது.

செய்தி வந்த நாளையே இறந்த நாளாக வைத்து எட்டுச்செலவு செய்தார்கள். எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்கவேண்டும். தம்பியின் படத்துக்கு முன்னால் விளைமீன் குழம்பு, நண்டு, ஒரு போத்தல் சாராயம். படைத்து முடிய அண்ணை ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் வைத்து நெடுநேரம் மென்றார். பிறகு சோற்றுக் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அந்த ட்ரவுட் எப்பிடி இருந்தது?"

நான் சோற்றைப் பிசைந்தேன். "சப்பெண்டு இருந்தது, அண்ணை."

"பழப்புளி கூட விட்டிருக்கோணும்."

"எப்பிடித் தெரியும்?"

"பின் சீற்றிலை உம்மடை பை அடிச்சுக்கொண்டெல்லோ வந்தது. ஸ்டீல்ஸ் றோட்டு வரைக்கும் கேட்டது. பிறகு கேக்கேல்லை."

"சொல்லியிருக்கலாமே. திரும்பிப் போய் விட்டிருப்பனே."

"அதுதான் சொல்லேல்லை." அவர் படத்தின் பக்கம் திரும்பவில்லை. "களைச்சுப்போனன் ஐசே. ஒண்டை விடாமல் இருந்தால் என்ன நடக்குது பாப்பம் எண்டு வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டினன்."

 

அவர் குழம்புச் சட்டியை இழுத்து என் கோப்பையில் ஒரு துண்டு வைத்தார். "தின்னும். படைச்சதை மிச்சம் விடக்கூடாது."

தின்றேன். நல்ல ருசியாக இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.