ஆமியை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல மாட்டேன்

இங்கே என்னோடு செபமாலை சொல்ல வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் சூசை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மீன் வெட்டுகிறவன் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். செதிலை நன்றாக உரி, தலையைத் தனியாகப் போடு என்று என்னிடம் அதிகாரம் பண்ணாதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. என் மகள் ஜெனிற்றாவின் படிப்பு நின்றுபோக இருந்த நேரத்தில் ஆண்டவர் என்ன செய்தார் என்று சொல்லத்தான் எழும்பியிருக்கிறேன்.

எழும்ப முன்னமே, நம் செபக்குழுத் தலைவர் பஸ்ரியான் அண்ணை என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்ப் புத்தி சொன்னார்.

“சூசை, சாட்சி நல்ல சாட்சி. ஆனா ஆமி எண்டு மட்டும் சொல்லாதையும். உதவித்தொகை கிடைச்சது எண்டு சொல்லும். சனம் சங்கடப்படும்.”

ஆண்டவர் செய்த வேலையைத் திருத்திக் கொடுக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளில்லை. பஸ்ரியான் அண்ணை அப்படிப்பட்ட ஆளாக இருக்கலாம். நான் ஆமி என்றே, இராணுவம் என்றே சொல்வேன். சங்கடப்படுகிறவர்கள் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

2017ஆம் ஆண்டு. நான் வேலை செய்த கடையை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர் மீன் பகுதியை மூடிவிட்டு அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கத் தொடங்கினார். நான் வீட்டில் இருந்தேன். என் மனைவி ரீற்றா ஹொட்டலில் அறை துப்புரவு செய்கிறவள். அவளுடைய சம்பளம் வில்லியே லே பெல் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி. ஜெனிற்றா தனியார் பொறியியல் பள்ளி ஒன்றில் முதலாம் வருடம் முடித்திருந்தாள். இரண்டாம் வருடக் கட்டணம் கட்டாவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். பிரான்சில் படிப்பு இலவசம்தானே என்று உங்களில் பலர் அப்போது சொன்னீர்கள். தங்கள் பிள்ளையை எந்தப் பள்ளியிலும் சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் அதைச் சத்தமாகச் சொன்னார்கள்.

வங்கி கடன் தருவதாகச் சொன்னது. ஆனால் நிரந்தர வேலை உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்கு ஒரே அண்ணன், மரியதாஸ். ஓல்னே-சூ-புவாவில் சொந்த வீடு, நல்ல உத்தியோகம். நான் போய்க் கேட்டேன்.

“தம்பி, பிணை கையெழுத்து எண்டால் எனக்குச் சரிவராது. அதோட இந்த மாசம் பிள்ளையின்ரை சாமத்திய வீடு. கை நிறைய வேலை கிடக்கு” என்றார்.

அந்தச் சாமத்திய வீட்டுக்கு, அண்ணன் மகளின் பூப்பு நீராட்டு விழாவுக்கு, நானும் போனேன். வாசலில் நின்று பன்னீர் தெளிக்க ஆள் வேண்டுமாம், என்னை விட்டார்கள். அண்ணனின் மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை, தலையில் கிரீடம், முகத்தில் பூச்சு, பாவம், தூக்கக் கலக்கம். அது போதாதென்று இரண்டு பக்கமும் சிப்பாய்கள். ஓம், சிப்பாய்கள். தலைப்பாகை, ஒட்டு மீசை, கையில் தகர வாள். விழா செய்து கொடுக்கிறவர்களிடம் வாடகைக்குப் பிடித்தவர்கள். வாளை உயர்த்தி அவளுக்கு மரியாதை செய்தார்கள். சனம் கைதட்டியது. பஸ்ரியான் அண்ணை எழும்பி நின்று படம் பிடித்தார். என் மகளின் படிப்புக்கு ஒரு கையெழுத்துப் போட வராத அண்ணனின் கை, அந்த வீடியோக்காரனைக் கிட்ட வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை இதே செபக்கூட்டத்தில் என் தேவையைச் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடித் தலையை ஆட்டினீர்கள். திங்கட்கிழமை லா சப்பலில் மரக்கறி வாங்குகிற ஆட்களெல்லாம், “சூசை அண்ணை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நிப்பாட்டியாச்சாமே” என்று கேட்டார்கள். செபம் வானத்துக்குப் போனதோ தெரியாது. கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒரு அக்கா வந்து, “ஏன் கஷ்டப்படுறியள், ஏதும் கடையிலை காசுப் பெட்டியில இருத்துங்கோ, வடிவான பிள்ளை, நல்ல இடத்திலை கேட்டு வரும்” என்று ஆலோசனையும் தந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே என்னை இந்தக் குழுவிலிருந்து விலக்கியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலை தேடிக் காலையில் ரயிலில் போகும்போது, ஜன்னலோரம் நின்று ஆண்டவரோடு மட்டும் கதைத்தேன். “ஆண்டவரே, மனிசரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதேயும். எப்படிச் செய்வீர் என்று நான் கேட்க மாட்டேன். செய்தால் போதும்.” அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தாள். நம் ஆட்களிடம் கிடைக்காதது அது.

அந்தக் கிழமையே ஜெனிற்றா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு ஆமியிலிருந்து ஆட்கள் வந்து பேசினார்களாம். ரெசேர்வ் என்று ஒன்று இருக்கிறதாம். படித்துக்கொண்டே விடுமுறையிலும் வார இறுதியிலும் ஆமியில் வேலை செய்யலாம். செய்த நாளுக்குச் சம்பளம். மாணவர்களுக்குத் தனி உதவியும் உண்டு. பிறகு அதிகாரிகளுக்கான பயிற்சி எடுத்தால் சம்பளம் இன்னும் கூடும். அவள் பள்ளிக்கூடத்திலும் கேட்டுவிட்டாள். ஆமியோடு ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரில், மன்னாரில், ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கி, எங்களை வெயிலில் முழந்தாளில் இருத்துவார்கள். என் வயது அப்போது ஜெனிற்றாவின் வயது. இன்றைக்கும் கார் து நோர் நிலையத்தில் துவக்கோடு சிப்பாய்கள் நடந்து வந்தால், நான் தூண் பக்கம் ஒதுங்கிச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவிப் பார்ப்பேன். ஒருவரும் அட்டையைக் கேட்பதில்லை. என் கைதான் சொல்லுக் கேட்காது.

“இந்த வீட்டிலை அந்த உடுப்புத் தொங்கக் கூடாது” என்றேன்.

“பப்பா, அது அங்கத்தை ஆமி. இது நான் பிறந்த நாடு. செ பா லா மெம் ஷோஸ், ரெண்டும் ஒண்டில்லை.”

“எனக்கு ஒண்டுதான்.”

“அப்ப வேற வழி சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் போகேல்லை.”

ரீற்றா கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், “எப்பிடி எண்டு கேக்க மாட்டன் எண்டு ஆண்டவரிட்டைச் சொன்னது நீங்கள்தானே. இப்ப ஏன் கேக்கிறியள்?” அவளிடம் அதை நான் சொல்லியிருக்கவே கூடாது.

சகல புனிதர்களின் திருநாள் விடுமுறையில் ஜெனிற்றா முதல் பயிற்சிக்குப் புறப்பட்டாள். நம் வீடுகளில் பிள்ளை தூரப் பயணம் போனால் தகப்பன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுத்தான் அனுப்புவான். முதல் நாள் பாலர் வகுப்புக்கு அவளை அனுப்பியதும் அப்படித்தான், பரீட்சைகளுக்கு அனுப்பியதும் அப்படித்தான். அன்றும் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். என் கை எழும்பவில்லை. இதற்காக நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. வெயிலில் முழந்தாளில் இருந்தவனுக்குத்தான் அது விளங்கும். அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றாள். பிறகு ரீற்றா போட்டாள். ஜெனிற்றா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று நான் செய்த செபம் இவ்வளவுதான்: “என் கைக்கு வராததை நீரே போட்டுவிடும். கைக்கும் ஒரு வழி செய்யும்.”

இரண்டு கிழமையில் திரும்பி வந்தாள். இரண்டு காலும் கொப்புளம். சட்டியோடு புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினாள். பிறகு ஒப்பந்தம் வந்தது. பள்ளிக்கூடம் சொன்னபடி தவணைக்குச் சம்மதித்தது. முதல் தவணையை அவளே கட்டினாள். அதே மாதம் எனக்கும் வேறு கடையில் மீன் பகுதி கிடைத்தது. கேட்டது ஒன்று, தந்தது இரண்டு. அதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறேன்.

இனி உங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். அடுத்த வசந்தத்தில் அவளைக் கார் து நோரில் காவலுக்கு விட்டார்கள். வேறு இடமே இல்லாத மாதிரி, லா சப்பலுக்குப் பக்கத்தில். பூ வாங்க வந்த யாரோ ஒருவர் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். கடையில் மீனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிற சனம் கூடியது. பஸ்ரியான் அண்ணை வந்து, “ஊரிலை ஆமியாலை எத்தினை குடும்பம் அழிஞ்சது, நீர் பெத்த பிள்ளையை ஆமிக்கு விட்டிட்டீர்” என்றார். அவர் ஊரை விட்டு வந்தது சண்டை தொடங்க முன்னம். அண்ணன் தொலைபேசியில் கத்தினார்.

“டேய், எங்கட குடும்பப் பேரைக் கெடுத்துப்போட்டாய். நாளைக்கு என்ரை பிள்ளையளுக்குச் சம்பந்தம் வருமோ?”

“அண்ணை, நீங்கள் உங்கட பிள்ளைக்குச் சிப்பாயை வாடகைக்குப் பிடிச்சனீங்கள். என்ரை பிள்ளை தானே சிப்பாய். எனக்குச் செலவு இல்லை” என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் கதைக்கவில்லை. அதையும் நான் ஆசீர்வாதக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

2019 கோடையில் அதிகாரிப் பயிற்சி. பிரெத்தாஞ் பக்கம், காடும் மழையும் உள்ள இடம். அதில் தேறினால்தான் மிச்ச வருடங்களின் கட்டணத்துக்குப் போதுமான சம்பளம். தேறாவிட்டால் திரும்பவும் பழைய கதை. நடுவில் ஒருநாள் தொலைபேசி எடுத்து, “பப்பா, கால் பிரண்டு வீங்கிப்போச்சு. நாளைக்கு நீள நடைச் சோதினை இருக்கு. செபியுங்கோ” என்றாள். அவள் என்னிடம் செபம் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்ற நேரமெல்லாம் நான் செபித்தால் சிரிப்பாள். அடுத்த நாள் வெட்டிய மீன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே மன்றாட்டுத்தான். பின்னேரம் செய்தி வந்தது. “முடிச்சிட்டன்.” அவ்வளவுதான். நான் குளிரறைக்குள் போய் நின்று அழுதேன்.

கடைசி நாள் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரீற்றா சேலை உடுத்தாள். நான் தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டேன். பெரிய மைதானம், சுற்றி வர சிப்பாய்கள். என் கை சட்டைப் பையில் அட்டையைத் தேடியது. அப்போது பயிற்சி முடித்த பிள்ளைகளை முழந்தாளில் இருக்கச் சொன்னார்கள். ஜெனிற்றாவும் இருந்தாள். நான் அறிந்த முழந்தாள் வேறு. பிறகு ஒரு குரல், அதிகாரிகள் எழும்புங்கள் என்றது. எல்லோரும் எழும்பினார்கள். சூசையின் மகளும் எழும்பினாள். ஒரு தகர வாளும் இல்லை, ஒட்டு மீசையும் இல்லை.

முடிந்தவுடன் அவள் நேரே எங்களிடம் வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் தலையைக் குனிந்தாள். என் கை எழும்பியது. எத்தனை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் மீன் மணம் போகாத பெருவிரல் இது. அந்த விரலால்தான் சிலுவை போட்டேன். “பப்பா, மணக்குது” என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இன்றைக்கு அவள் பட்டம் எடுத்து வேலை செய்கிறாள். கட்டணத்தில் ஒரு சதமும் பாக்கியில்லை. வருடத்தில் சில நாள் இன்னும் அந்த உடுப்பைப் போடுகிறாள். அது எங்கள் வீட்டு அலுமாரியில்தான் தொங்குகிறது. கார் து நோரில் சிப்பாய்களைக் கண்டால் நான் இப்போது தூணைத் தேடுவதில்லை. சிலவேளை வணக்கமும் சொல்கிறேன். அவர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கலாம்.

போன சனிக்கிழமை அண்ணன் மரியதாஸ் என் கடைக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, “தம்பி, சின்னவன் ஜெனிற்றா போன இடத்துக்குப் போகப்போறானாம். படிப்புக்கு உதவுமாம். எப்பிடி எழுதிப் போடுறது?” என்று ரகசியமாகக் கேட்டார்.

“எந்த இடத்துக்கு அண்ணை?”

“அதுதான், அந்த இடம்.”

“எனக்கு விளங்கேல்லை அண்ணை.”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். பஸ்ரியான் அண்ணையும் அதில் ஒருவர். அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ஆமிக்கு” என்றார்.

சொல்ல வைத்துவிட்டுத்தான் சொன்னேன். எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எல்லாம். அவருடைய மீனையும் நன்றாகச் செதில் உரித்துக் கொடுத்தேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் பூட்டி வைக்க முடியாது, கேட்கிறவர் அண்ணனாக இருந்தாலும்.

ஆகவே சகோதரங்களே, பிள்ளையின் படிப்புக்கு வழியில்லாமல் இருக்கிறவர்கள் இங்கே இருந்தால், இந்தச் சனத்தை நம்பாதேயுங்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் தருவார். எந்த உடுப்பில் வருவார் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று கடையில் அண்ணன் காசைத் தந்துவிட்டுத் திரும்பும்போது நான் கூப்பிட்டேன்.

“அண்ணை, என்ரை பெறாமகன், உங்கட சின்னவன், வெளிக்கிடுற அண்டைக்கு எனக்குச் சொல்லுங்கோ. உங்கட கை எழும்பாட்டி நான் வந்து நெத்தியிலை சிலுவை போட்டு விடுறன்.”